ரோந்து: ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து

நாளிதழை விரித்தால் வாரத்தில் ஒரு தடவையாவது கண்ணில் படும் சொல் ‘ரோந்து’. “கடற்படையினர் ரோந்து நடவடிக்கையில் ஈடுபட்டிருந்தபோது”, “பொலிஸார் இரவு நேர ரோந்தில் சென்ற வேளை” என்று செய்தி தொடங்கும். அதன்பின் யாராவது கைது செய்யப்பட்டிருப்பார்கள், அல்லது ஏதாவது கைப்பற்றப்பட்டிருக்கும். இத்தனை பழக்கமான சொல்லாக இருந்தும், அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் நம்மில் பலர் “காவல்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் காவலும் ரோந்தும் ஒன்றல்ல.

காவல் இருந்த இடத்தில் இருந்தும் செய்யலாம். வங்கி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர் காவலாளிதான். அவர் ரோந்து போகவில்லை. யுத்த காலத்தில் சந்திகளில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவர்களின் இடத்தை எங்கள் பெரியவர்கள் ‘சென்றி’ என்றார்கள். அது ஆங்கிலச் சொல்லின் உருமாற்றம். சென்றி நிற்கும், ரோந்து நடக்கும். இதுதான் முதல் வேறுபாடு. ரோந்தில் நடை இருக்க வேண்டும். அந்த நடை திரும்பத் திரும்ப வர வேண்டும். நடப்பவரின் கண் எதையோ தேட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் பொருந்தாது. வைத்தியசாலையில் டொக்டர் கட்டில் கட்டிலாகச் சுற்றி வருவதை ‘வார்ட் ரவுண்ட்’ என்கிறோம், ரோந்து என்பதில்லை. இடைவேளையில் வகுப்பு வகுப்பாக எட்டிப்பார்க்கும் மாணவத் தலைவிகளைப் பற்றி, “அந்தா ரோந்து வருது” என்று நாங்கள் மெல்லிய குரலில் சொல்வதுண்டு. அது கேலிக்குச் சொல்வதென்றாலும், சொல்லின் இலக்கணத்துக்கு அது சரியாகவே பொருந்துகிறது. (மாணவத் தலைவிகள் மன்னிக்க.)

இரவில் ஊரைச் சுற்றும் காவல் தமிழருக்குப் புதிதல்ல. சங்க நூலான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் நள்ளிரவைப் பாடும்போது, திருடர்களையும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். மழை பெய்து தெருவில் நீர் ஓடுகிற இருட்டிலும் அந்தக் காவலர் ஓய்வதில்லை. திருட்டின் வழிமுறைகளை அவர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய பொலிஸ் பயிற்சிக் கல்லூரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆக, வேலை நம்மிடம் இருந்தது. யாமம், காவல், காப்பாளர் என்று சொற்களும் இருந்தன. பின்னர் உருது வழியாக ‘பாரா’ என்ற சொல்லும் வந்து சேர்ந்தது. அது தமிழ்நாட்டுப் பொலிஸார் வாயில் இன்னும் இருக்கிறது. இத்தனை இருந்தும் ரோந்து எங்கிருந்து வந்து இடம் பிடித்தது?

அது வெளியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லின் முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். அதனால்தான் ராமன் இராமனாகவும் ரோமம் உரோமமாகவும் எழுதப்பட்டன. ஆனால் ‘உரோந்து’ என்று எழுதும் வழக்கம் நிலைக்கவில்லை. சிலர் ‘றோந்து’ என்று எழுதுவார்கள். றகரமும் முதலில் வராத எழுத்துத்தான். ஆகவே அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆங்கிலத்து ‘ரவுண்ட்’தான் ரோந்து ஆகியிருக்கும் என்று நினைப்பது இலகு. பொருளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காதால் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலேயர் நாக்கு நுனியைப் பல்லுக்கு மேலே வைத்துச் சொல்லும் ஒலியைத் தமிழர் காது டகரமாகவே எடுத்துக்கொள்கிறது. பஸ் ஸ்டாண்ட், பாண்ட் வாத்தியம், ரவுண்ட் எல்லாவற்றிலும் ‘ண்ட்’ என்றே வருகிறது. ரோந்திலோ ‘ந்து’ இருக்கிறது. நாக்கைப் பல்லில் வைத்துப் பேசுகிற ஒரு மொழியிலிருந்து இது வந்திருக்க வேண்டும். போர்த்துக்கேய மொழி அப்படிப்பட்டது. அவர்களின் ‘வரந்தா’ நம்மிடம் விறாந்தை ஆனது, விறாண்டை ஆகவில்லை. அதே வழியில் ‘ரோந்தா’ ரோந்து ஆனது. ஈற்றில் இருந்த ஆகாரத்தை உதிர்த்துவிட்டு, ‘பந்து’, ‘மருந்து’ போலக் குற்றியலுகரத்தை வைத்துக்கொண்டது தமிழின் கைவண்ணம். சிங்களத்திலும் ‘ரொந்த’ என்ற உருவில் இதே சொல் இருக்கிறது. ஒரே கப்பலில் வந்த சரக்கு இரண்டு வீடுகளிலும் இறங்கியிருக்கிறது.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் ஒல்லாந்தரிடம் இழந்து வெளியேறினார்கள். அந்த 153 வருடங்களில் அவர்கள் விட்டுப்போன சொற்களை எண்ணத் தொடங்கினால் நம் வீட்டிலேயே முடியாது. நாம் இருக்கும் கதிரை, வாங்கு, எழுதும் மேசை, திறக்கும் சாவி, போடும் சப்பாத்து, துடைக்கும் துவாய், லேஞ்சி, காலையில் சாப்பிடும் பாண் எல்லாம் அவர்களுடையவை. இவையெல்லாம் வீட்டுக்குள் வந்த சொற்கள். ரோந்து வேறு வாசலால் வந்தது, கோட்டை வாசலால். கொழும்பு, காலி, மன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை என்று கரையோரமெங்கும் அவர்கள் கோட்டை கட்டினார்கள். கோட்டை மதிலின் மேல் இரவில் சிப்பாய்கள் மாறி மாறி நடந்து பார்ப்பதற்குப் பெயர்தான் ரோந்தா. காலிக் கோட்டை மதிலில் மாலையில் காற்று வாங்க நடந்திருப்பவர்களுக்கு, அந்த மதில் ஏன் மேலே நடக்கத்தக்க அகலத்தில் கட்டப்பட்டது என்பது இப்போது விளங்கும். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒல்லாந்தர் கட்டியது என்றாலும் வேலை ஒன்றுதான்.

அந்தக் கோட்டைகளின் ரோந்து முஸ்லிம்களாகிய நமக்கு ஆறுதலான ஒன்றாக இருக்கவில்லை. வணிகத்தில் போட்டியாளர்களாகவும் மார்க்கத்தில் பகைவர்களாகவும் நம் முன்னோரை அவர்கள் பார்த்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். நாலாயிரம் பேரளவில் கிழக்கில் குடியேற்றினான் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். கிழக்கில் பிறந்த எனக்கு அது வெறும் பரீட்சை வினா அல்ல. எங்களைத் துரத்தியவர்களின் சொல்லொன்றை நாலு நூற்றாண்டாக நாங்களே சொல்லிக்கொண்டு வருகிறோம். மொழிக்குப் பகை தெரியாது போலும்.

இந்தச் சொல்லைப் போர்த்துக்கல் வரை கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அங்கிருந்து அது இன்னும் பின்னால் போகிறது. போர்த்துக்கேய ரோந்தாவும் ஸ்பானிய ரோந்தாவும் ஒன்றே. ஸ்பானியச் சொல்லாய்வாளர்கள் அதன் பழைய உருவம் ‘ரொப்தா’ என்றும், அது அரபு மொழியிலிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். அரபில் ‘ராபிதா’ என்பது காவலுக்கு நிறுத்தப்பட்ட குதிரைப்படைக் குழு. அதன் பன்மை ‘ருப்த்’. கி.பி. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. அந்த அந்தலூஸில் எல்லைகளைச் சுற்றிவந்த குதிரைவீரரைக் குறித்த சொல் கிறிஸ்தவ அரசுகளின் வாய்க்குப் போனது. பின்னர் ‘வட்டம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சாயல் பட்டு, ரொப்தா ரோந்தாவாக மாறியது.

அரபு படிக்கும் தோழியருக்கு இப்போது வேர் பிடிபட்டிருக்கும். ரா, பா, தா. கட்டுதல், பிணைத்தல் என்பது அடிப்படைப் பொருள். குதிரையை எல்லையில் கட்டி வைத்துக் காத்திருப்பதனால் எல்லைக் காவலுக்கு ‘ரிபாத்’ என்று பெயர் வந்தது. மொரோக்கோவின் தலைநகர் ரபாத் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. ஸூரா ஆல இம்ரானின் கடைசி வசனத்தில், பொறுமையாக இருக்கும்படியும் பொறுமையில் மிகைக்கும்படியும் சொன்ன பின், அல்லாஹ் இந்த வேரிலிருந்து வரும் ஏவலைத்தான் இடுகிறான். ஒரு தொழுகை முடிந்து அடுத்த தொழுகைக்காகக் காத்திருப்பதும் ரிபாத் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. மஃரிபுக்குப் போய் இஷா முடியும் வரை பள்ளிவாசலிலேயே இருந்துவிடும் என் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப நானும் ரோந்திலதான் இரிக்கன்” என்று சிரித்தார்.

அந்தலூஸின் குதிரை, போர்த்துக்கேயக் கோட்டை, கிழக்கு மாகாணத்துத் தெரு என்று இரண்டு கண்டங்களைத் தொட்டு வந்த சொல் இது. ஆனால் அதன் பொருளை எனக்கு உண்மையில் விளக்கியது அகராதி அல்ல, மூத்தம்மாதான்.

“ரோந்து எண்டா என்ன மூத்தம்மா?” என்று கேட்டேன். அவர் பொருள் சொல்லவில்லை. “ரோந்து வருது எண்டா லாம்பக் குறைச்சிப் போடுவம்” என்றார். யுத்த காலத்தில் எங்கள் தெருவில் ஆயுதத்துடன் நடந்து போனவர்களைப் பற்றி அவர் சொன்னார். அது எந்தத் தரப்பு என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. சப்பாத்துச் சத்தம் வரும், நாய் குரைக்கும், பிறகு சத்தம் தேயும். அதுவரை குழந்தையை அழவிடாமல் மடியில் வைத்திருப்பார்களாம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பின்னர், ஊர் ஆண்கள் முறை வைத்து இரவில் விழித்திருந்ததையும் சொன்னார். மூத்தாப்பாவும் போயிருக்கிறார். கையில் ஒரு டோர்ச், தோளில் ஒரு துவாய், போத்தலில் பிளேன்டீ. அவர்களும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லும்போது மூத்தம்மா ஒரு தடவையேனும் ரோந்து என்று சொல்லவில்லை. “மூத்தாப்பா காவலுக்குப் போவாரு” என்றே சொன்னார்.

செய்த வேலை ஒன்றுதான். இரவு, நடை, தேடும் கண் மூன்றும் இரண்டிலும் இருந்தன. இருந்தும் ஒன்று ரோந்து, மற்றது காவல். நமக்காக நடப்பவர் காவலுக்குப் போகிறார். நம்மைப் பார்த்து நடப்பவர் ரோந்து வருகிறார். எந்த அகராதியிலும் இந்த வேறுபாடு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், ‘நாங்கள் ரோந்து போனோம்’ என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. அது எப்போதும் படர்க்கையில் வரும் சொல். வயலில் யானைக்கு விழித்திருப்பவர் காவல் இருக்கிறார். நோன்பு காலத்தில் ஸஹருக்கு ரபான் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வரும் பாவா, ரோந்துக்காரர் நடக்கும் அதே நேரத்தில், அதே தெருவில்தான் நடக்கிறார். அவரை யாரும் ரோந்து என்று சொல்லிவிட மாட்டார்கள். அவருடைய சத்தம் கேட்டால் வீடுகளில் விளக்கு எரியும்.

இரவில் சுற்றிவரும் அதிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் மதீனாவின் தெருக்களில் தாமே இரவில் சுற்றி வந்தார்கள். இதற்கு அரபில் ‘அஸஸ்’ என்று பெயர். பிள்ளைகளின் பசியை மறக்கடிக்க வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்திருந்த தாய்க்கு மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து போன சம்பவத்தை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அதைவிட எனக்குப் பிடித்தது இப்னு ஸஅத் அவர்கள் பதிந்துள்ள இன்னொரு சம்பவம். வியாபாரக் கூட்டமொன்று மதீனாவில் வந்து தங்கியபோது, அன்றிரவு திருடர் வராமல் காக்க உமர் (ரழி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. உமர் (ரழி) அவர்கள் திரும்பத் திரும்பப் போய்த் தாயிடம் கேட்டபோது, எதிரே நிற்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், பால் மறக்கடிக்கப் பார்ப்பதாகச் சொன்னார். காரணம் கேட்டால், பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் உதவிப்பணம் கொடுக்கிறார் என்றார். அன்று ஸுப்ஹுத் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையினால் விளங்கவில்லை. அதன்பின், பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவிப்பணம் என்று சட்டத்தை மாற்றினார்கள். திருடனைத் தேடி விழித்திருந்தவர் தமது சட்டத்திலேயே குறையைக் கண்டுபிடித்தார்.

அந்த இரவுச் சுற்றுக்கு எல்லை இருந்ததையும் சொல்ல வேண்டும். ஓரிரவு ஒரு வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டு உமர் (ரழி) அவர்கள் சுவரேறி உள்ளே பார்த்ததாகவும், உள்ளே பாவம் செய்துகொண்டிருந்தவர் கலீஃபாவையே திருப்பிக் கேட்டதாகவும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் ஒரு செய்தி வருகிறது. நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று என்று அந்த மனிதர் கணக்குச் சொல்கிறார். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது ஸூரா அல்ஹுஜுராத்தில் உள்ளது. வீடுகளுக்கு வாசல் வழியாக வாருங்கள் என்பது அல்பகறாவில் உள்ளது. அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்பது அந்நூரில் உள்ளது. கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தெரு வரைக்கும்தான் ரோந்து. வாசல்படிக்கு அப்பால் அது வேறு பெயர் பெறும்.

இனி, எழுதும்போது வரும் சில விடயங்கள். ‘ரோந்து சுற்றுதல்’ என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. ரோந்திலேயே சுற்று இருப்பதால் இது ‘கேட்டுக் கதவு’ என்பது போன்றது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். கட்டுரையில் ரோந்து செல்லுதல், ரோந்து போதல் போதும். அடுத்தது சந்தி. ‘ரோந்து பணி’, ‘ரோந்து படகு’ என்று ஒற்றில்லாமல் பல இடங்களில் அச்சிடுகிறார்கள். மருந்து என்பதோடு கடை சேர்ந்தால் மருந்துக்கடை என்று ஒற்று மிகுகிறது. அதே அமைப்பில் உள்ள ரோந்து என்பதோடும் ரோந்துப் பணி, ரோந்துப் படகு என்று ஒற்று மிகுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நானூறு வருடம் தமிழோடு இருந்த சொல்லுக்குத் தமிழ்ச் சந்தியைக் கொடுக்க மறுப்பது நியாயமல்ல.

‘ரோந்து’ வேண்டாம், ‘சுற்றுக்காவல்’ என்று எழுதுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல சொல்தான், பார்த்தவுடன் விளங்குகிறது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஊரார் முறைவைத்து விழித்திருந்ததை எழுதும்போது சுற்றுக்காவல் என்று எழுதுவேன். மூத்தம்மா லாம்பைக் குறைத்த இரவை எழுத நேர்ந்தால் ரோந்து என்றே எழுதுவேன்.